குன்னூர் மலைப்பாதையில் ஒரு பாடி கிட் ஸ்விஃப்ட்: நிகழ்வு ஆய்வு

வண்டி 2019-இல் பதிவான பெட்ரோல் ஸ்விஃப்ட். டி.என். 43 பதிவு, குன்னூரில் வீடு, மேட்டுப்பாளையம் வரை அடிக்கடி இறங்கி ஏறும் ஓட்டம். சமவெளியில் ஒரு கடையில் முழு பாடி கிட் போட்டிருந்தார்கள். முன் பம்பருக்குக் கீழே ஃபைபர் லிப், கீழ் கிரில்லின் மேல் தேன்கூடு வடிவத்தில் பளபளப்பான பேனல், இரண்டு பக்கமும் சைடு ஸ்கர்ட், பின் பம்பரில் டிஃப்யூசர் (வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை வெளியேற்றும் சரிவுத் தகடு), டிக்கிக் கதவின் உச்சியில் பெரிய விங், சக்கர வளைவுகளில் ஃபிளேர் (வெளியே நீட்டும் விளிம்பு), கூரையின் பின் விளிம்பில் சுறாத் துடுப்புகள் ஒரு வரிசை. டயர் கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14 அளவேதான். ஸ்பிரிங் வெட்டவில்லை, என்ஜினில் யாரும் கை வைக்கவில்லை. எனவே வந்த கோளாறுகளில் எது ஒட்டுப் பாகங்களால் வந்தது, எது வரவில்லை என்று இந்த வண்டியில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

புகார்கள் இவை. லிப் இரண்டாவது முறையாக உடைந்திருக்கிறது. பர்லியார் தாண்டி ஏறும்போது ஹீட் முள் ஏறி ஏசி தானாக நின்றுவிடுகிறது. இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாசனை வருகிறது, பெடல் கீழே போகிறது. மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர். முன் இடது டயரின் தோளில் வட்டமாக ஒரு கீறல். கடைசியாக, காலை நேரத்தில் டிக்கிக் கதவு மேலே நிற்காமல் தலையில் விழுகிறது. கதவு விழுவதற்கும் பாடி கிட்டுக்கும் என்ன தொடர்பு என்று உரிமையாளர் கேட்டார். தொடர்பு இருந்தது.

காற்று என்ன செய்கிறது

காற்று ஒரு பாகத்தை அழுத்தும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசி. சாலைகளின் தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் மலைப்பாதை விதிப்படி கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசிகளிலும் வண்டிகள் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் திரும்புகின்றன. போதாததற்கு, குன்னூர் உயரமான 1,850 மீட்டரில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு.

இந்த விங்கின் மேற்பரப்பு 0.15 சதுர மீட்டர். அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும் விங் என்று தாராளமாக வைத்துக்கொண்டு, தூக்குக் கெழு (காற்றை எவ்வளவு விசையாக மாற்றுகிறது என்று காட்டும் எண்) 0.5 என்று போட்டுப் பார்த்தால், 20 கி.மீ. வேகத்தில் அது கீழ்நோக்கி அழுத்துவது 120 கிராம் அளவு. கீழே அன்னூர் பக்கம் நேர்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனாலும் மூன்று கிலோ சொச்சம்தான். விங்கின் சொந்த எடை 2.6 கிலோ. ஆக, கொண்டை ஊசியில் இந்த வண்டிக்குக் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸில் பெரும்பகுதி விங்கின் எடைதான். அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், இழுக்கும் வேலையைச் செய்யும் முன் சக்கரங்களிலிருந்து துளி பாரத்தைக் கழற்றுகிறது.

அதற்காக எல்லா ஸ்பாய்லரும் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. ஹேட்ச்பேக்கின் கூரை முடியும் இடத்தில் கம்பெனி கொடுக்கும் சிறு நீட்சி, காற்று கூரையை விட்டுப் பிரியும் இடத்தைத் தெளிவாக்குகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குப் பலன் உண்டு. அந்த நீட்சியின் மேல் ஃபைபர் விங்கைத் திருகியதும் கம்பெனி சோதித்து வைத்த விளிம்பு மறைந்துபோகிறது.

வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. உண்மையான காற்றியக்க (ஏரோ) பாகங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தன. என்ஜினுக்குக் கீழே பக்கவாட்டில் வரும் கறுப்பு பிளாஸ்டிக் கவர், முன் டயருக்கு நேர் முன்னால் தொங்கும் கையகல ரப்பர் பட்டை, ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ஃபோம். லிப் மாட்ட இடைஞ்சல் என்று கவரில் ஒரு பக்கத்தையும் ரப்பர் பட்டைகள் இரண்டையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். மழையில் பெல்ட் கிறீச்சிடுவதாக உரிமையாளர் போகிறபோக்கில் சொன்னதற்கு அந்தக் கவர் இல்லாததுதான் காரணம். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராக பெல்ட்டில் விழுந்துகொண்டிருந்தது.

லிப் ஏன் உடைகிறது

இந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி கம்பெனிக் கணக்கில் 163 மி.மீ. ஆனால் லிப் விஷயத்தில் பார்க்க வேண்டியது அதையல்ல, பம்பரின் கீழ் விளிம்பையும் அது டயரிலிருந்து எவ்வளவு முன்னால் நீட்டியிருக்கிறது என்பதையும். டேப் வைத்து அளந்தபோது, லிப் இல்லாமல் பம்பர் விளிம்பின் உயரம் 195 மி.மீ.; டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளியிலிருந்து கிடைத் தூரம் 695 மி.மீ. அதாவது, எதிரே வரும் சரிவில் மூக்கு இடிக்காமல் ஏறக்கூடிய கோணம் பதினைந்தரை டிகிரிக்குச் சற்று மேல். லிப்போடு உயரம் 145, தூரம் 720. கோணம் பதினொன்றரைக்கும் குறைவு. நான்கு பேர் உட்கார்ந்ததும் முன்பக்கம் 20 மி.மீ. இறங்கியது, கோணம் பத்துக்கும் கீழே வந்துவிட்டது.

சாலைக் காங்கிரஸ் அளவில் கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதில் ஏறும் கோணம் ஆறு டிகிரி சொச்சம். லிப் அதைத் தாண்டிவிடும், பிரேக் பிடித்து மூக்கு குத்தாமல் ஏறினால். ஆனால் அளவுப்படி கட்டிய வேகத்தடைகளை எண்ணிவிடலாம். குன்னூர் வீடுகளில் சாலையிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் சிமென்ட் சரிவு ஐந்துக்கு ஒன்று என்றால் அது பதினோரு டிகிரிக்கு மேல். லிப் இரண்டு முறையும் உடைந்தது இந்தச் சரிவின் அடிவாரத்தில்தான். உடைந்த துண்டின் கீழ் விளிம்பில் சிமென்ட் தேய்த்த வெள்ளைத் தழும்பு இருந்தது. தார் தேய்த்திருந்தால் கறுப்பாக இருந்திருக்கும்.

பொருளும் சேர்ந்துகொண்டது. கம்பெனி பம்பர் பாலிப்ரொப்பிலீன். இடித்தால் வளைந்து திரும்பும். ஃபைபர் வளையாது, விரிசல் விட்டு உடையும். அதை எட்டு ஸ்க்ரூவால் பம்பரோடு இறுக்கியிருந்தார்கள். இடிபட்டபோது லிப் உடைந்ததோடு நிற்கவில்லை, இரண்டு ஸ்க்ரூ பம்பரின் கீழ்ப்பகுதியையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. லிப் எப்போதும் பம்பரைவிடப் பலவீனமாகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். மோதினால் முதலில் கழன்று வர வேண்டியது அதுதான்.

ஹீட்

பளபளப்புப் பேனலைப் பின்னாலிருந்து பார்த்தபோது தேன்கூட்டில் பாதிக் கண்கள் மூடியிருந்தன. துளை போட்டதுபோல் வார்த்த வெறும் பள்ளங்கள். ஏற்றத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர், என்ஜினுக்கு முழுப் பாரம், வண்டி வேகம் இருபது முப்பது. வேகத்தால் உள்ளே வரும் காற்று சொற்பம், எல்லாம் ஃபேன் இழுப்பதுதான். ஃபேன் இழுக்க வேண்டிய வாயைத்தான் பேனல் மூடியிருந்தது.

ஸ்கேனரை மாட்டி கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏசியோடு ஓட்டியதில் கூலன்ட் வெப்பநிலை 108 டிகிரி வரை போனது. அங்கே ஏசி கம்ப்ரஸர் நின்றது. இது கோளாறு இல்லை. என்ஜினைக் காப்பாற்ற கன்ட்ரோல் யூனிட்டே அதை நிறுத்துகிறது. பேனலை மட்டும் கழற்றிவிட்டு அதே நேரத்தில், அதே பாரத்தோடு ஏறியபோது 99-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றவில்லை, கூலன்ட்டை மாற்றவில்லை. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் மட்டும் சோதிக்கப்பட்டது. குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மலை வண்டிகளில் அந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பிடித்தது.

பிரேக்: லிப் மேல் பழி போட முடியாத இடம்

லிப் காற்றைத் தடுக்கிறது, டிஸ்க் ஆறவில்லை, அதனால்தான் பிரேக் போகிறது என்பது உரிமையாளருக்கு யாரோ சொல்லிய விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது.

நான்கு பேரும் சாமானும் சேர்த்து வண்டி 1,200 கிலோ. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் ஏறக்குறைய 1,500 மீட்டர். இறங்கும்போது எங்கேயாவது செலவாக வேண்டிய ஆற்றல் 1.76 கோடி ஜூல். வீட்டு அண்டாவில் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இதில் எவ்வளவு என்ஜின் பிரேக்கிங்குக்குப் போகிறது, எவ்வளவு டிஸ்க்குக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது கியர். மூன்றாவது கியரில் பெடல் மேல் கால் வைத்தபடியே இறங்குவது இவருடைய பழக்கம்.

கழற்றிப் பார்த்ததில் முன் பேட் மூன்று மி.மீ. மீதி. பிரேக் ஆயில் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதாகப் பதிவே இல்லை. ஈரப்பதம் காட்டும் கருவி மூன்று சதவீதத்துக்கு மேல் காட்டியது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்தபின் தர நிர்ணயம் கேட்பது 140 மட்டுமே. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. பெடல் கீழே போனது ஆயில் கொதித்துக் குமிழி விட்டதால். லிப் இல்லாத வண்டியிலும் இதே ஆயிலோடு இதே பழக்கத்தில் இறங்கினால் இதே கதைதான். லிப்பின் பங்கு துளி இருக்கலாம், பிரித்து அளக்கும் அளவுக்கு இல்லை.

பேட், டாட் 4 ஆயில், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தல். இறக்கத்துக்கு இரண்டாவது கியர் என்று மலைப்பாதை நெடுகப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

டிக்கியில் தண்ணீர்

வண்டியில் நடந்த வேலைகளிலேயே மோசமானது விங் மாட்டியதுதான். டிக்கிக் கதவின் தகட்டில் நான்கு துளை, எம்6 போல்ட். துளையின் ஓரத்தில் பிரைமர் இல்லை, பெயிண்ட் இல்லை, ரப்பர் வாஷர் இல்லை. அதற்குப் பதிலாகப் பாத்ரூம் கண்ணாடிக்கு அடிக்கும் சிலிக்கான். டியூபைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும் அந்த வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. வெட்டுப்பட்ட இரும்புத் தகட்டின் மேல் அதைப் பூசுவது துருவுக்கு விதை போடுவது. விங்கைக் கழற்றி அந்த வெள்ளைப் பிசினைச் சுரண்டியதும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஐந்து ரூபாய் காசு அளவில் பெயிண்ட் உப்பியிருந்தது. விரலால் தட்டினால் செதிலாக உதிர்ந்தது. உள்பக்கம் டிரிம்மை எடுத்தபோது துருத் தண்ணீர் வழிந்த கோடு கதவின் அடிவரை இறங்கி, வயரிங் கனெக்டர் பக்கத்தில் நின்றிருந்தது. வடகிழக்குப் பருவமழை குன்னூரில் பெய்யும் பெய்யலில் இது இன்னும் ஒரு சீசன் தாங்கியிருக்காது.

துருவைத் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை 80, பிறகு 120 உப்புத்தாளில் எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, துளைகளை உள்பக்கத் தகடு வைத்து அடைத்து, மேலே பட்டி மெல்லிசாகப் போட்டு பெயிண்ட் அடிக்கப்பட்டது. யாராவது விங்கை வைத்தே ஆக வேண்டும் என்றால் குறைந்தபட்ச முறை இது: துளை போட்டதும் பிசிறை அரத்தால் தேய்த்து, எபாக்ஸி பிரைமரும் டச்சப் பெயிண்டும் காய்ந்தபிறகு, போல்ட் தலைக்குக் கீழே பியூட்டைல் டேப் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட், தகட்டுக்கு உள்புறம் அகன்ற வாஷர். உள்புறம் வாஷர் இல்லாமல் மெல்லிய தகட்டில் போல்ட்டை இறுக்கினால் தகடு குழியும், குழியில் தண்ணீர் நிற்கும்.

கதவு தலையில் விழுவதும் இதே விங்கால்தான். டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் அந்தக் கதவின் எடைக்குக் கணக்குப் போட்டது. மேல் விளிம்பில் 2.6 கிலோ கூடிவிட்டது. குழாயில் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு இறங்கும். 30 டிகிரியில் சரியாகத் தூக்கிய ஷாக் 5 டிகிரிக் காலையில் எட்டு சதவீதம் வலு குறைந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் நின்ற கதவு குன்னூர் மார்கழிக் காலையில் நிற்காமல் போனதன் காரணம் இவ்வளவுதான். விங்கை எடுத்தபின் பழைய ஷாக்கே தூக்கிப் பிடித்தது.

இன்னொன்று, கவனிக்காமல் விட்டிருந்தால் ஆபத்து. மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை விங்கின் தகடு பாதி மறைத்திருந்தது. பின்னால் லாரியில் உயரமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மூடுபனி இறங்கும் பாதையில் இந்த ஒரு காரணத்துக்காகவே விங்கைக் கழற்றலாம்.

ஃபிளேரும் ஸ்கர்ட்டும்

டயர் கீறலுக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ஃபிளேரை 25 மி.மீ. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவால் ஃபெண்டர் விளிம்பில் திருகியிருந்தார்கள். கூர்முனை உள்ளே டயரைப் பார்த்து நிற்கிறது. நேராக ஓடும்போது தொடாது. கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பாரத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் டயரின் தோள் அந்த முனைக்குப் போகும். சமவெளிக் கடையில் சோதனை ஓட்டம் விட்டவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. கீறல் நூலிழை தெரியும் ஆழத்துக்கு வந்திருந்ததால் டயர் மாற்றப்பட்டது.

சைடு ஸ்கர்ட் கீழே ஸ்க்ரூவாலும் மேலே டபுள் டேப்பாலும் பிடித்திருந்தது. அது படியின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள் மூன்றை மூடியிருந்தது, உள்ளே சேறு. ஜாக்கி வைக்கும் இடமும் மறைந்துபோனது. பஞ்சரானால் வழியில் ஸ்கர்ட்டைக் கழற்றாமல் ஸ்டெப்னி மாற்ற முடியாது. ஃபிளேர், ஸ்கர்ட் இரண்டும் கழற்றப்பட்டன, துளைகள் கம்பியால் சுத்தம் செய்யப்பட்டு உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடிக்கப்பட்டது.

டிஃப்யூசருக்கு முன்னால் வண்டியின் அடிப்பாகம் சமதளமாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். இங்கே அந்த இடத்தில் சைலன்சரும் ஸ்டெப்னிப் பள்ளமும். ரிவர்ஸ் சென்சாரை அது தொடவில்லை என்பதால் அப்படியே விடப்பட்டது.

திரும்பப் போட்டது

உரிமையாளருக்கு முன்பக்கம் ஏதாவது வேண்டும். ஃபைபர் லிப்புக்குப் பதில் 25 மி.மீ. உயர வளையும் ரப்பர் லிப். ஸ்க்ரூ கிடையாது, 3எம் வி.எச்.பி. டபுள் டேப்பும் இரு முனையில் பிளாஸ்டிக் கிளிப்பும் மட்டும். பம்பரின் கிழிந்த இடம் உள்ளிருந்து பிளாஸ்டிக் வெல்டிங்கால் சேர்க்கப்பட்டது. என்ஜின் கவரும் டயர் முன் ரப்பர் பட்டைகளும் புதிதாக வாங்கிப் பொருத்தப்பட்டன. இந்த வேலையில் காற்றியக்கப் பலன் தரும் பாகங்கள் இவை மட்டுமே.

டேப் ஒட்டுவதில் மலையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. இந்த வகை டேப் 21 முதல் 38 டிகிரிக்குள் ஒட்ட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பசை பரப்பில் படியவே படியாது. பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், ஒரு வாரத்தில் முனை தூக்கும். குன்னூர் காலையில் ஒட்டக்கூடாது. மதியத்தில், ஷெட்டுக்குள், பம்பரையும் லிப்பையும் ஹீட் கன்னால் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, ஒரே திசையில் ரோலரால் அழுத்த வேண்டும். பெயிண்ட் இல்லாத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் என்றால் பிரைமர் தடவாமல் எந்த டேப்பும் நிற்காது. சாதாரண அறை வெப்பத்தில் முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம். அதுவரை வாட்டர் வாஷ் கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஒட்டும் லிப்புக்கு யாரும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது அபூர்வம். பிரேக் விளக்கை மறைக்கும் விங், பாதசாரியைக் கிழிக்கும் கூர்மையான ஃபைபர் விளிம்பு என்றால் விஷயம் வேறு.

மிச்சம் இருந்தது கூரையின் சுறாத் துடுப்புகள். மிட்சுபிஷி 2004-இல் லான்சர் எவல்யூஷனில் சோதித்து வெளியிட்ட கணக்கில் இவை இழுவைக் கெழுவை (காற்றின் தடையைக் காட்டும் எண்) குறைத்தது 0.006. அதுவும் கூரையிலிருந்து சரிந்து இறங்கும் பின் கண்ணாடி உள்ள செடானில், காற்று பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், கூரையை ஒட்டி மெதுவாக ஓடும் காற்றுப் படலத்தின் (எல்லைப்படலம்) தடிமனுக்கு ஒத்த உயரத்தில் வைத்ததால். கூரை சட்டென முடியும் ஹேட்ச்பேக்கில் காற்று போய் மறுபடி ஒட்ட அங்கே கண்ணாடிச் சரிவே கிடையாது. துடுப்புகளையும் எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, “அது மட்டும் இருக்கட்டும்ணே” என்றார். எடையும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. முனை தூக்கியிருந்த மூன்றின் டேப்பை மட்டும் மாற்றி வண்டி திருப்பித் தரப்பட்டது.